அந்த 1,395 யூனிட் எங்கள் வீட்டு மீட்டரில் ஓடியதில்லை

அனல்மின் நிலையங்களின் சாம்பல் வந்து விழும் எங்கள் வடசென்னையில், முந்தாநாள் கூட்டத்தில் நடந்ததை எல்லாரும் பகிர்ந்துவிட்டீர்கள், வீடியோவும் வந்துவிட்டது. அதனால் முழுக் கதையும் நான் சொல்லவில்லை. மேடையில் இருந்த அந்த நிபுணர் எங்கள் பகுதிப் பெண்களைப் பார்த்து, "ஆளுக்கு வருஷத்துக்கு 1,395 யூனிட் செலவு பண்றீங்க, அப்புறம் சாம்பல் வருதுன்னா எப்படிம்மா?" என்று கேட்டாரே, அதைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன். கேட்டதைவிட, அதற்குச் சிலர் கை தட்டினார்கள் பாருங்கள், அதுதான் மனசை அறுக்கிறது.

அந்த 1,395 எங்கள் யார் வீட்டு மீட்டரிலும் ஓடியது கிடையாது.

அது 2023-24க்கு மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட எண். பொய்யான எண் என்று நான் சொல்லவே இல்லை. அது எப்படி வருகிறது என்று பாருங்கள். நாட்டில் அந்த வருஷம் உற்பத்தியான மொத்த மின்சாரத்தோடு, வெளிநாட்டிலிருந்து வாங்கியதில் விற்றது போக மீதியையும் சேர்த்து, மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். அந்த மொத்தத்துக்குள் உருக்காலை இருக்கிறது, ரயில் இருக்கிறது, மால்களின் ஏசி இருக்கிறது. அனல்மின் நிலையம் தன் சொந்த பம்பையும் விசிறியையும் ஓட்ட எடுத்துக்கொள்ளும் மின்சாரம் இருக்கிறது. கம்பியில் போகிற வழியில் வீணாவதும் இருக்கிறது. வீடுகளுக்கு வந்து சேருவது நாட்டின் மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். வகுக்கிற மக்கள்தொகையும் 2011 கணக்கெடுப்பை வைத்துக் கணித்ததுதான்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். இரண்டு மாதத்துக்குச் சுமார் 300 யூனிட் வரும். வருஷத்துக்கு 1,800. ஆளுக்கு 360. எர்ணாவூரில் எங்கள் தெருவில் யார் வீட்டு மின் அட்டையை வாங்கிப் பார்த்தாலும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். மீதி ஆயிரத்துச் சொச்சத்தை எந்தப் பெண் செலவு செய்தாள் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

உடனே ஒருவர் கமெண்டில் வருவார், "உலகம் முழுக்க இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்" என்று. சரி. ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிட அந்த முறை உதவும், போன வருஷத்தோடு இந்த வருஷத்தை ஒப்பிடவும் உதவும். அதற்காக எடுத்த எண்ணை, கையில் நெபுலைசரோடு வந்த ஒரு அம்மாவிடம் நீட்டக் கூடாது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

கணக்கெடுப்பவர்களைக் குறை சொல்வதாகவும் நினைக்க வேண்டாம். என் சித்தப்பா ஒரு அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவர். மணிக்கு ஒரு முறை ரீடிங் எடுத்து லாக் ஷீட்டில் எழுதுவார். ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஒவ்வொரு வரியையும் காட்டி ஒப்படைப்பார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். உற்பத்திக் கணக்கு இப்படித்தான் நம்பகமாக மேலே போகிறது. 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நிலையங்களின் உற்பத்தி தினமும் ஆணையத்தின் அறிக்கையில் வந்துவிடும். நிலக்கரிக் கணக்கு நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்கு, எண்ணெய்க் கணக்கு பெட்ரோலிய அமைச்சகத்தின் பிரிவுக்கு. எல்லாவற்றையும் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வருஷத்துக்கு ஒரு தொகுப்பாகப் போடுகிறது. உழைப்புதான் அது, மதிக்கிறேன்.

ஆனால் உற்பத்தியை அளப்பதுபோல் பயன்பாட்டை அளக்க முடிவதில்லை. இலவச மின்சாரம் போகும் வயல் பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே இல்லை. மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று பார்த்து மதிப்பிடுகிறார்கள். (விவசாயிக்கு இலவசம் கூடாது என்று நான் சொன்னதாகத் திரிக்காதீர்கள், நான் சொல்வது கணக்கைப் பற்றி.) டீசலில் பயன்பாடு என்று வெளியாவது எண்ணெய் நிறுவனங்கள் விற்ற அளவு. பெட்ரோல் பங்க்கில் பிடித்த டீசல் லாரிக்குப் போனதா, ஜெனரேட்டருக்குப் போனதா என்று பங்க்காரருக்கே தெரியாது. வீட்டு சிலிண்டர் டீக்கடை அடுப்பில் எரிந்தாலும் வீட்டுக் கணக்குதான்.

கல்யாணமான புதிதில் தண்டையார்பேட்டையில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். நாலு குடும்பம், ஒரே இபி கனெக்‌ஷன். வீட்டுக்காரர் ஆளுக்கொரு சப்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு அவர் வைத்ததுதான் ரேட். 2016இல் 100 யூனிட் இலவசம் வந்தது, அது அவருக்குத்தான் வந்தது, எங்களுக்கு ஒரு பைசா குறையவில்லை. மின்வாரியத்தின் கணக்கில் நாங்கள் நாலு குடும்பமும் சேர்ந்து ஒரே நுகர்வோர், அதுவும் 500 யூனிட்டைத் தாண்டுகிற பெரிய நுகர்வோர். நாங்கள் ஒரு டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு தூங்கியது எந்த அட்டவணையிலும் இல்லை. வடசென்னையில் இப்படி எத்தனை வீடுகள் என்று உங்களுக்கே தெரியும். எங்களுக்கு சராசரி சொல்லிக்கொடுக்க வருபவர்கள் அதையும் தெரிந்துகொண்டு வரட்டும்.

"அப்ப மின்சாரமே வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எங்களைச் சுற்றி அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. வல்லூர் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டும் போகவில்லை, ஆந்திரா, கர்நாடகா, கேரளா, புதுச்சேரிக்கும் போகிறது. போகட்டும், நன்றாக இருக்கட்டும். யூனிட்டை நாடு முழுக்க வகுத்தீர்களே, சாம்பலை அப்படி வகுத்தீர்களா? நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல். எரித்த மூன்று டன்னில் ஏறத்தாழ ஒரு டன் இங்கே சாம்பலாக மிஞ்சுகிறது. சாம்பலுக்கும் ஆணையம் அறிக்கை போடுகிறது, எவ்வளவு உருவானது, எவ்வளவு சிமெண்டுக்கும் செங்கலுக்கும் போனது என்று. நிலையங்கள் அனுப்பும் தகவலை வைத்துத்தான் அதுவும். குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் இறங்கியதை எந்தப் பத்தியில் எழுதுவது? மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தை அப்படியே அள்ளிக் கொட்டுகிறோமே, அதை யார் ரீடிங் எடுத்தது?

கூட்டத்தில் அன்று பேச எழுந்த அந்த அக்கா வலை பின்னி, மீன் விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்க வந்தது மின்சாரத்தைப் பற்றியே இல்லை. முகத்துவாரத்தில் சாம்பல் படிந்து மேடாகிவிட்டது, படகு தட்டுகிறது, எப்போது தூர் வாருவீர்கள் என்று கேட்க வந்தார். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கமெண்டில் என்னோடு சண்டை போட வருபவர்கள் முதலில் அதற்குப் பதில் வாங்கித் தாருங்கள்.