வாஷிங்டன் தூணின் உச்சியில் இருப்பது தங்கத்தைவிட விலை உயர்ந்ததா?

"அலுமினியம் அரிதாகக் கிடைத்ததால் அப்போது தங்கத்தைவிட விலை அதிகம், அதனால்தான் 1884-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் அதை வைத்தார்கள்" என்று ஒரு பேச்சு உண்டு. அரிது என்பதும் சரியில்லை, விலை அதிகம் என்பதும் சரியில்லை.

பூமியின் மேலோட்டில் எடைப்படி சுமார் 8% அலுமினியம். இரும்பைவிட அதிகம். ஆக்சிஜனிடமிருந்து அதைப் பிரிப்பதுதான் பாடு. இரும்புத்தாதுபோல் கரியோடு உலையில் போட்டால் உலோகம் வராது. 2,000 டிகிரிக்கு மேல் கொண்டுபோனாலும் பெரும்பகுதி கரியோடு சேர்ந்து கார்பைடு என்ற சேர்மமாகிவிடும். அதனால் 1854-ல் பிரெஞ்சு வேதியியலாளர் தெவில் அலுமினாவை (அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம்) குளோரைடாக மாற்றி, சோடியத்தோடு சூடாக்கினார். ஒரு கிலோ அலுமினியத்துக்குக் கணக்குப்படியே 2.56 கிலோ சோடியம் வேண்டும். வீணாவது தனி. காசெல்லாம் அந்தச் சோடியத்துக்கே போனது.

தங்கத்தைவிட விலை அதிகம் என்பது 1850களின் தொடக்கத்துக்குப் பொருந்தும். தெவில் முறை வந்த சில ஆண்டுகளிலேயே விலை சரிந்துவிட்டது. 1884-ல் அவுன்ஸ் ஏறக்குறைய ஒரு டாலர், அதாவது வெள்ளி விலை. தங்கமோ 20.67 டாலர்.

தூணின் உச்சியில் வைத்த அலுமினிய முனை சுமார் 22.6 செ.மீ. உயரம், 100 அவுன்ஸ் எடை. பிலடெல்பியாவில் ஃபிரிஷ்முத் என்ற உலோக வார்ப்பாளர் வார்த்தது. பகட்டுக்காக அல்ல, இடிதாங்கியின் நுனியாக வைத்தார்கள்: மின்சாரம் கடத்தும், வெயில் மழையில் கறுக்காது, கல்லில் கறை வடியாது. ஆனாலும் அந்த ஒற்றை முனை போதவில்லை. 1885 ஜூனில் மின்னல் தாக்கி உச்சிக் கல்லுக்கு அடியிலிருந்த கல் விரிசல் விட்டது. பிறகு கூடுதல் கம்பிகள் பொருத்தினார்கள்.

1886-ல் அமெரிக்காவின் ஹாலும் பிரான்சின் எரூவும் தனித்தனியே கண்ட வழியில் சோடியமே தேவையில்லை. 2,070 டிகிரியில் உருகும் அலுமினாவை, உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் சுமார் 960 டிகிரியிலேயே கரைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். 1890களில் ஒரு பவுண்டே ஒரு டாலருக்குக் கீழே வந்தது.