விருது ஆளுக்கு வருகிறது, ஜமாவுக்கு என்ன வருகிறது?

2025-ல் பறையிசைக்காக வேலு ஆசானும், தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் பத்மஸ்ரீ பெற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்திரப்பன். மூன்று செய்திகளையும் மனம் நிறைந்து பகிர்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த மகிழ்ச்சி துளியும் குறையாமல்தான் இதையும் சொல்கிறேன். கூத்தை ஒரு ஆள் ஆடுவதில்லை, ஜமா என்கிற குழுதான் ஆடுகிறது. அரசின் உதவியில் பெரும்பகுதி ஆளைத் தேடித்தான் வருகிறது. ஜமாவின் வாசலுக்கு வருவது மிகக் குறைவு.

செய்யாறு, காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஜமாவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேஷக்காரர்கள், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் என்று பத்துப் பதினைந்து பேர். அவர்களைக் கட்டி மேய்க்க ஒரு வாத்தியார். பங்குனி, சித்திரை தொடங்கி ஆடி வரைக்கும்தான் நல்ல சீசன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் வீழ்வதை ஆடிக் காட்டும் படுகளம். ஆட்கள் வேறு ஜமாவுக்குப் போய்விடாமல் இருக்க, சீசனுக்கு முன்பே வாத்தியார் முன்பணம் கொடுத்தாக வேண்டும். கையில் பணம் இருக்காது. வட்டிக்கு வாங்கித்தான் கொடுப்பார். சீசன் முடிந்ததும் நேற்றுவரை அர்ச்சுனன் கட்டியவர் செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ போய்விடுவார். அவர் திரும்பி வருவாரா என்பதில்தான் அடுத்த வருஷத்து ஜமா இருக்கிறது.

அவர்களுடைய பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. விடிய விடியத் தலையிலும் தோளிலும் சுமந்துகொண்டு சுழன்றாட வேண்டுமே, அதற்காகத்தான் கனமில்லாத மரம். மேலே ஒட்டிய கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒரு சீசன் தாங்கும், பிறகு ஒவ்வொன்றாக உதிரும். இவற்றைச் செப்பனிட வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில்தான் ஜமாவுக்கு ஒரு ரூபாய் வரும்படி கிடையாது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் தொடக்கம் 1955. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-ல் வந்தது. மாவட்டந்தோறும் கலை இளமணியிலிருந்து கலை முதுமணி வரை வயதுவாரியாக விருது கொடுக்கிறார்கள். நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. 2007-ல் தொடங்கி நடுவில் நின்றுபோன சென்னை சங்கமம் 2023-ல் திரும்ப வந்தது. இவற்றில் ஒன்றைக்கூட நிறுத்தக் கூடாது. வயதான காலத்தில் வரும் அந்த மாதப் பணத்தில் மாத்திரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அடையாள அட்டையும் உதவித்தொகையும் தனி ஆளுக்கு. பெட்டி ஜமாவுடையது. முன்பணக் கடன் ஜமாவின் தலையில். சிறுவன் ஒருவன் சின்ன வேஷத்தில் தொடங்கி ராஜ வேஷம் வரை தேறி வருவதும் ஜமாவுக்குள்தான். இவற்றுக்கெல்லாம் அந்த அட்டையிலும் உதவித்தொகையிலும் இடம் கிடையாது. நகரத்து விழா மேடையில் கிடைக்கும் சில நிமிடங்களும் இதற்கு ஈடாகாது. திரைக்குப் பின்னால் நின்று பாடித் தன் வரவைச் சொல்லித் துரியோதனன் வெளியே வருவதற்கே அந்த நேரம் போதாது!

குழுவுக்கென்று பணம் எங்குமே இல்லையா? இருக்கிறது. ஒன்றிய பண்பாட்டு அமைச்சகம் குரு, சீடர் மரபில் இயங்கும் குழுக்களுக்கு மாதந்தோறும் நிதி தருகிறது, குருவுக்கு மட்டும் மாதம் 15,000 ரூபாய். 2013-ன் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை மரபுக் கலைகளுக்குச் செலவிட இடம் தருகிறது. ஆனால் அந்தப் பணத்தைத் தொடுவதற்குள் எத்தனை காகிதம்! 1975-ன் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும். வருஷாவருஷம் பொதுக்குழு கூட்டிக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். வருமான வரித் துறையில் தனிப் பதிவு. நிறுவன நிதி வேண்டுமென்றால் 2021-லிருந்து கம்பெனி விவகார அமைச்சகத்திலும் பதிவு. வெற்றிலை பாக்கு மாற்றி, வாய்ச்சொல்லில் கூத்து ஒப்புக்கொள்கிற வாத்தியார் இதையெல்லாம் எப்படிச் செய்வார்? பாரதம் முழுக்க மனப்பாடமாக வைத்திருக்கிற மனிதர் இணையப் படிவத்தின் முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. பணம் கடைசியில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களிடம்தான் போய்ச் சேர்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், மாநிலம் முழுவதற்கும் கிராமத்துக் கலைக்குழுக்களின் கூட்டமைப்பு ஒன்று வேண்டும். கூத்து ஜமாவும், தோல்பாவைக் குடும்பமும், நையாண்டி மேளமும், பறைக்குழுவும் ஒரே குடையின் கீழ் வர வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு கணக்கரும் ஒரு விண்ணப்ப உதவியாளரும் அதற்கு முதல் தேவை. அந்தச் சம்பளத்தைக் கலை பண்பாட்டுத் துறை ஏற்கலாம், பெரிய தொகையே இல்லை. சேர்ந்து நின்றால் நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. கூத்து நடிகர்களே சேர்ந்து 1990-ல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். 2002-ல் புஞ்சரசந்தாங்கலில் தொடங்கிய அவர்களுடைய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்தே கற்றார்கள். ஆண்களே பெண் வேஷமும் கட்டிவந்த கலையில் அங்கே பெண் பிள்ளைகள் கட்டை எனப்படும் அந்த மர அணிகளைக் கட்டி ஆடினார்கள், அது எவ்வளவு பெரிய விஷயம்! கேரளத்தில் 1995-லேயே நாட்டார் கலைகளுக்குத் தனி அகாதமி வந்துவிட்டது. அதன் தலைமையகம் திருவனந்தபுரத்தில் இல்லை, தெய்யம் ஆடுகிற கண்ணூரில் இருக்கிறது. நம் வாரியங்களும் சென்னையை விட்டுக் கொஞ்சம் நகரலாம்.

கூட்டமைப்பு இருந்தால்தான் பேசமுடியும் என்கிற இன்னொரு விஷயம் இரவு அனுமதி. 2000-ன் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகாமல். நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இந்த விதி தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கூத்து களை கட்டுவதே பத்து மணிக்கு மேல்தான். அதனால் ஊருக்கு ஊர், காவல் நிலையத்துக்கு நிலையம் வேறு வேறு பதில் கிடைக்கிறது. பாதிக் கூத்தில் நிறுத்தச் சொன்னால் ஊர்க்காரர்கள் வாத்தியாரிடம்தான் பணத்தைக் குறைப்பார்கள். சீசனுக்கு முன்பே எந்த ஊருக்கு எந்தத் தேதியில் தளர்வு, ஒலியளவு எவ்வளவு, நள்ளிரவுக்குப் பிறகு என்ன ஏற்பாடு என்று மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள ஒரு அமைப்பால் முடியும். தனி வாத்தியாரால் முடியாது.

இதைப் படிக்கிறவர்களில் கோயில் கமிட்டியில் இருப்பவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். சித்திரைக் கூத்துக்கான முன்பணத்தில் பாதியையாவது தை மாதமே கொடுத்துவிடுங்கள், வாத்தியார் வட்டிக்கு அலைவது அந்த அளவுக்குக் குறையும். மற்றவர்கள் உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் ஒன்று கேளுங்கள்: கலை பண்பாட்டுத் துறை மானியக் கோரிக்கை அவையில் வரும்போது, பதிவு பெற்ற கிராமக் கலைக்குழுக்களுக்கு மூன்றாண்டு தொடர் நிதி வேண்டும் என்று எழுந்து பேசுவீர்களா?