ஓமந்தூரார் கட்டடம் பூட்டியா கிடக்கிறது?

“ஆயிரம் கோடியில் கட்டிய தலைமைச் செயலகம், ஒருநாள் கூட சட்டசபை நடக்கவில்லை, இன்றைக்கும் பாழாகக் கிடக்கிறது” என்று சென்னை ஓமந்தூரார் தோட்டக் கட்டடத்தைப் பற்றி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சட்டசபை நடக்கவில்லை என்பது, பாழாகக் கிடக்கிறது என்பது, இரண்டுமே தவறு.

2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அதே மாதம் அங்கேதான் பட்ஜெட் வாசிக்கப்பட்டது. 2011-இல் ஆட்சி மாறும்வரை பேரவை அங்கேதான் கூடியது. பிறகு ஜெயலலிதா அரசு கோட்டைக்கே திரும்பிவிட்டது. 2014 பிப்ரவரியில் அந்த இடம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. கொரோனா நோயாளிகளுக்கும் அங்கே சிகிச்சை நடந்தது. நம்பாதவர்கள் அண்ணா சாலைப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. திறப்பு விழாவுக்குள் மேல் குவிமாடம் முடியாததால், கலை இயக்குநர் தோட்டா தரணியை வைத்துத் தற்காலிகமாக ஒரு சினிமா செட் போட்டார்கள். அரசு விழாவுக்கு அது தேவையா என்று அப்போதே கேலி கிளம்பியது, நியாயம்தான். கட்டுமானத்தை விசாரிக்க 2011-இல் நீதிபதி ரகுபதி ஆணையம் அமைந்தது. 2018-இல் அவர் விலகினார். செலவைக் கேள்வி கேட்க இதெல்லாம் போதும், பூட்டிய கதவு எதற்கு?