அப்டேட் முடிந்தது, ஃபேன் நிற்கவில்லை

இயங்குதளத்தை அப்டேட் செய்தால் லேப்டாப் வேகமாகும் என்று யார் சொன்னது? ரீஸ்டார்ட் ஆனதிலிருந்து ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறது. நான் இன்னும் ஒரு விண்டோகூடத் திறக்கவில்லை, பிராசஸர் 100 சதவீதத்தில் நிற்கிறது. அப்படி என்னதான் வேலை?

உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தேடல் வசதிக்காக டிஸ்க்கில் உள்ள அத்தனை ஃபைல்களையும் முதலிலிருந்து அட்டவணைப்படுத்துகிறதாம். நேற்று வரை இருந்த அட்டவணை எங்கே போனது? அது போதாதென்று ஆன்டிவைரஸ் முழு ஸ்கேனைத் தொடங்குகிறது. போட்டோ ஆப் பழைய கல்யாணப் படங்களில் முகம் தேடுகிறது. கிளவுட் ஃபோல்டர் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில்! சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அப்புறம் அதே வேலை இன்னும் இழுக்கும், ஃபேன் இன்னும் கத்தும்.

உதவி மையத்தைக் கேட்டால், "ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?" செய்தாயிற்று. "டிரைவரை, அதாவது லேப்டாப்பின் பாகங்களை இயக்கும் மென்பொருளை, அப்டேட் செய்யுங்கள்." அதுவும் ஆயிற்று. "சரி, ஒரு நாள் அப்படியே ஓடவிடுங்கள், தானாக அடங்கிவிடும்." ஓடவிட்டு வேடிக்கை பார்க்கவா காசு கொடுத்து வாங்கினோம்? இன்று மாலைக்குள் கணக்கு முடித்து அனுப்ப வேண்டியவர் என்ன செய்வார்? ஆன்லைன் தேர்வுக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன செய்யும்? பின்னணியில் இவ்வளவு நடக்கும் என்று அப்டேட் பட்டனுக்கு மேல் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?