பாதத்தை ஷூவுக்குப் பழக்கச் சொல்லாதீர்கள்

சைக்கிள் ஓட்டும்போது கால் மரத்துப்போகிறது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும்." எதற்குப் பழக வேண்டும்? விரல்கள் தீயாய் எரிந்து, அப்புறம் பாதத்தின் முன்பாதி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போவதற்கா? விரல்களுக்குப் போகும் நரம்புகள் பாத எலும்புகளுக்கு நடுவே ஓடுகின்றன. பெடலில் பூட்டிக்கொள்ளும் இறுக்கமான சைக்கிள் ஷூ இரண்டு பக்கமும் நெருக்குகிறது, கீழேயிருந்து பெடல் அழுத்துகிறது, ஓட்ட ஓட்டப் பாதமும் வீங்குகிறது, நரம்பு நசுங்காமல் என்ன செய்யும்? இதில் மன உறுதிக்கு ஒரு வேலையும் இல்லை.

கடையில் போய் இந்த ஷூவின் முன்பக்க அகலம் எவ்வளவு என்று கேட்டேன். கடைக்காரர் ஷூவை இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு வளைக்கப் பார்த்து, "கார்பன் சோல், பாருங்க, அசையவே இல்லை" என்றார். நான் கேட்டது அகலம்! நீளத்துக்கு அரை அளவு வரை வித்தியாசம் காட்டி விற்கிறார்கள், அகலத்துக்கு மட்டும் பெரும்பாலான மாடல்களில் ஒரே அச்சுதான். அகலப் பாதக்காரர் "ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்கோங்க" என்ற ஆலோசனையைக் கேட்டு எடுத்தால், குதிகால் மேலே எழும்புகிறது, கிளீட் (ஷூவின் அடியில் திருகி, பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டு) மாட்டும் துளைகளும் பாதத்தைவிட முன்னே போய்விடுகின்றன. விரல் எரிச்சல் குறைய கிளீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும், ஆனால் தள்ள இடமில்லாமல் துளை முடிந்துவிடுகிறது.

சரி, பெடலுக்கு வருவோம். லுக் நிறுவனம் பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பூட்டும் முறையை சைக்கிளுக்குக் கொண்டுவந்தது 1984-ல். அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். நாற்பது வருடங்கள் ஓடிவிட்டன, இன்றைக்கும் ஆளுக்கொரு பூட்டு. லுக் நிறுவனத்தின் கியோ வகை கிளீட்டுக்கும் மூன்று திருகு, ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி-எஸ்எல் வகை கிளீட்டுக்கும் மூன்று திருகு, ஒரே ஷூவில் இரண்டுமே உட்காரும், ஆனால் ஒன்றின் கிளீட்டை மற்றொன்றின் பெடலில் மாட்ட முடியாது. அதே பெடல் கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் கம்பியில், ஏறும் பக்கத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் 9/16 அங்குலத் திருகு, இடது பெடலுக்குத் தலைகீழ் மரை, உலகம் முழுக்க ஒத்துப்போயிருக்கிறார்கள். இரும்புப் பக்கம் ஒத்துப்போக முடிந்தவர்களுக்குக் கால் பக்கம் மட்டும் ஏன் முடியவில்லை?

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது கிளீட்டின் நிறத்தில்தான். பெடலில் பூட்டியபிறகு குதிகால் பக்கவாட்டில் எவ்வளவு திரும்பலாம் என்பதைத்தான் ஃப்ளோட் என்கிறோம், முட்டிக்கு அது மிக முக்கியம். ஷிமானோவில் சிவப்பு கிளீட் என்றால் 0 டிகிரி, அதாவது அசையவே அசையாது. நீலம் 2, மஞ்சள் 6. லுக் கியோவில் சிவப்பு என்றால் 9 டிகிரி, இருப்பதிலேயே அதிகம். அசையாதது அங்கே கறுப்பு, நடுவில் சாம்பல் 4.5. ஒரே நிறம், நேர் எதிரான பொருள்! லுக்கில் சிவப்பு வைத்துச் சுகமாக ஓட்டிக்கொண்டிருந்தவர் பெடலை மாற்றி, பழக்கத்தில் இங்கேயும் சிவப்பையே கேட்டு வாங்கினால், முட்டிவலி யார் கணக்கு? பெட்டியின் முகப்பில் டிகிரியைப் பெரிய எண்ணில் போட எவ்வளவு மை செலவாகும்?

இதற்கு மேல், வேலைக்கும் உலாவுக்கும் ஓட்டுகிறவரிடம்கூடப் பந்தயச் சாமானையே தலையில் கட்டுகிறார்கள். ஷிமானோவின் இன்னொரு முறையான இரண்டு திருகு எஸ்பிடியில் கிளீட் சோலுக்குள் பதுங்கி இருக்கும், இறங்கினால் சாதாரணமாக நடக்கலாம், பல பெடல்களில் இரண்டு பக்கமும் மாட்டலாம், பல திசையில் கழலும் எஸ்எச்56 கிளீட் போட்டால் புதியவருக்குப் பயமும் குறையும். அதைக் கேட்டால் "அது மலை சைக்கிளுக்கு" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஸ்பிரின்ட்டில் எழுந்து நின்று மிதிக்கிறவருக்கு விறைப்பான சோலும் அகலமான மூன்று திருகு கிளீட்டும் வேண்டும், நான் மறுக்கவில்லை. வழுவழு தரையில் வாத்து நடை நடக்கவும், தேயத் தேய கிளீட் மாற்றவும் அவர் தயாராக இருக்கிறார். எல்லோரும் ஏன் இருக்க வேண்டும்? தட்டைப் பெடலும் நல்ல ரப்பர் சோலும் போதும் என்கிறவரைப் பாதி சைக்கிள்காரராகப் பார்ப்பதையும் நிறுத்துங்கள்.

பந்தயக்காரருக்கும் விரல் விரிய இடம் வேண்டும். சோல் விறைப்பாக இருக்கட்டும், முன்பக்கம் அகலமாக இருக்கட்டும், இரண்டையும் ஒரே ஷூவில் செய்ய முடியும், சில நிறுவனங்கள் அகல அச்சிலும் செய்கின்றன. மற்றவர்களும் செய்யுங்கள். அகலத்தை மில்லிமீட்டரில் பெட்டியின் மேல் போடுங்கள், வாங்குவதற்கு முன் கிளீட் மாட்டிப் பெடலில் மிதித்துப் பார்க்க விடுங்கள்.