மக்பெத் என்றால் 'பெத்தின் மகன்' அல்ல

ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் 'மக்' என்றால் மகன். எனவே ஸ்காட்லாந்துப் பெயரான மக்பெத் என்பது பெத் என்ற பெண்ணின் மகன், தாய்வழி வந்த பெயர் என்று ஒரு விளக்கம் சுற்றி வருகிறது. முதல் பாதி சரி. மற்றது ஊகம்.

பெத் என்பது எலிசபெத்தின் செல்லச் சுருக்கம். இந்தப் பெயருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பழைய கேலிக் வடிவம் 'மக் பெதாத்'. 'பெதாத்' என்றால் 'உயிரின்', 'வாழ்வின்'. ஆக, பொருள் 'வாழ்வின் மகன்'. இறைப்பற்றுள்ளவன், நல்லவன் என்ற கருத்தில் வைத்த பெயர். விஸ்கியின் கேலிக் பெயரான 'உஷ்கெ பெஹா' (உயிர்நீர்) என்பதிலும் இதே சொல்தான் இருக்கிறது. குடிப்பவர்களுக்கு இது எளிதில் நினைவில் நிற்கும்!

இன்னொரு சான்று இந்தப் பெயர் கொண்ட அரசனிடமே உள்ளது. 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்ட மக்பெத்தின் தந்தை பெயர் ஃபின்லேக். அதனால் அவனது முழுப்பெயர் 'மக் பெதாத் மக் ஃபின்லேக்'. முதலில் வரும் 'மக்' இயற்பெயரின் பகுதி. இரண்டாவதுதான் தந்தையைச் சொல்கிறது. அதாவது, அவன் காலத்தில் இது குடும்பப்பெயரே அல்ல.

குடும்பப்பெயராக ஆனது பின்னால்தான். ஸ்காட்லாந்தின் மேற்கிலுள்ள இஸ்லே தீவில் பரம்பரை மருத்துவர்களாக இருந்த ஒரு குடும்பம் இதைத் தாங்கியது. அந்த மேற்குத் தீவுகளை ஆண்ட 'தீவுகளின் பிரபுக்களுக்கு' வைத்தியம் பார்த்தவர்கள் அவர்கள். கேலிக் மொழியில் மருத்துவச் சுவடிகளும் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அவர்கள் 'பீட்டன்' என்று எழுதத் தொடங்கினார்கள். இதைப் பார்த்து, பிரான்சின் பெத்யூன் ஊரிலிருந்து வந்த பீட்டன்களோடு அவர்களைச் சேர்த்துவிடுவதும் உண்டு. அதுவும் தவறு, எழுத்து ஒன்று, வேர் வேறு.