பூமணின்னா அசுரன் மட்டும்தானா?

அசுரன் படத்த டிவில எப்ப போட்டாலும் மறுநாள் யாராவது ஒருத்தர் "வெக்கை நாவல் வாங்கிப் படிச்சேன், படத்துல இருந்த மாஸ் இதுல இல்லையே"ன்னு போஸ்ட் போட்டுடுறாங்க. அட, அந்த மாஸ் இல்லாததுதான்யா அந்த நாவலே.

பூமணி எழுதின வெக்கை நாவல் வந்தது 1982ல, அத வச்சு வெற்றிமாறன் எடுத்த அசுரன் படம் வந்தது 2019ல. நடுவுல 37 வருஷம், பூமணி ஒண்ணும் எவனாவது வந்து படமா எடுப்பான்னு உக்காந்திருக்கல. கூட்டுறவுத் துறையில வேலை பாத்துக்கிட்டே எழுதினாரு, அவரே ஒரு படமும் டைரக்ட் பண்ணாரு. கருவேலம்பூக்கள், மத்திய அரசோட திரைப்பட நிறுவனமான என்எஃப்டிசி தயாரிப்பு, நாசரும் ராதிகாவும் நடிச்சது, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போற சின்னப் புள்ளைங்களப் பத்தின படம். அதனால சினிமா தெரியாத எழுத்தாளர் கதைய டைரக்டர் தூக்கி நிறுத்திட்டாருன்னு யாராச்சும் சொன்னா எனக்கு சிரிப்புதான் வரும்.

நாவல்ல என்னதான் நடக்குது? சிதம்பரம்னு 15 வயசுப் பையன், அண்ணனக் கொன்ன வடக்கூரானோட கைய மட்டும் வெட்டிடலாம்னு போறான், வெட்டு வேற இடத்துல விழுந்து ஆளே போயிடுறான். இது ஆரம்பத்துலயே முடிஞ்சிடுது. அப்புறம் எட்டு நாள் அப்பனும் மகனும் காடு மேடுன்னு ஒளிஞ்சு திரியுறாங்க, அவ்ளோதான் கதை. அடுத்த வேளைக்கு என்ன பொங்குறது, தண்ணி எங்க கிடைக்கும், எங்க படுக்குறது, இதத்தான் பக்கம் பக்கமா எழுதியிருக்காரு. கொலை பண்ணிட்டு வந்த மகன அந்த அப்பன் அடிக்கல, தலையில தூக்கி வச்சு ஆடவும் இல்ல, பக்கத்துலயே நடக்குறான். சாதிப் பேரு ஒண்ணும் வராது, ஆனா யாரு யாருக்கு பயந்து வாழணும்னு படிக்கிறவனுக்கு தெளிவா புரிஞ்சிடும். எனக்கு இதுதான் பெரிய வித்தை.

வெற்றிமாறன் செருப்பு, பஞ்சமி நிலம் (வெள்ளைக்காரன் காலத்துல தலித் மக்களுக்குக் குடுத்த நிலம்), குடிசை எரிப்புன்னு ஒரு பெரிய பிளாஷ்பேக்க உள்ள கொண்டுவந்தாரு. தப்புன்னு சொல்லல, பஞ்சமி நிலத்தப் பத்தி தனுஷ் படத்துல பேசுறது சும்மா இல்ல, தியேட்டர்ல கைதட்டுனவன்ல நானும் ஒருத்தன். தேசிய விருது வந்துச்சு, தெலுங்குல வெங்கடேஷ் வச்சு நாரப்பான்னு எடுத்தாங்க, எல்லாம் சந்தோஷம். ஆனா நாவல் பையன் கண்ணு வழியாப் போகும், படத்துல அப்பன் ஹீரோ ஆயிட்டான், பையன் சும்மா கோவக்காரனா சுருங்கிட்டான். அந்த ஒரு இடத்துல எனக்கு வெற்றிமாறன் மேல இன்னும் வருத்தம்தான்.

பூமணிக்கு சாகித்ய அகாடமி கிடைச்சது 2014ல, அசுரனுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே, அஞ்ஞாடி நாவலுக்கு. ஆயிரம் பக்கத்துக்கு மேல, கழுகுமலை, சிவகாசி கலவரம்னு கரிசல் காட்டோட பத்தொன்பதாம் நூற்றாண்டையே இழுத்துட்டு வந்திருப்பாரு. (தூக்கிப் படிச்சா கை வலிக்கும், மேஜைல வச்சுப் படிங்க.) இத்தனையும் பண்ணினவர இப்ப "அசுரன் கதை எழுதினவர்"னு அறிமுகம் பண்றாங்க, கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு.

பூமணிய புதுசா படிக்கிறவங்க "பிறகு"ங்கிற நாவல்ல இருந்து ஆரம்பிங்க, 1979ல வந்த முதல் நாவல், செருப்பு தைக்கிற அழகிரியோட கதை. எந்த டைரக்டராவது இத வாங்குறதா இருந்தா, அண்ணே, அழகிரி கையில மட்டும் அருவாளக் குடுத்துடாதீங்க.